கிரீன் கார்டு வரிசை: துணைவரின் பிறந்த நாட்டையும் பாருங்கள்

இந்தியாவில் பிறந்து, வேலை மூலம் அமெரிக்க கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறீர்களா? உங்கள் கணவரோ மனைவியோ இலங்கை, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் (துபாய்) என்று வேறு நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டின் வரிசையில் உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இபி-2, இபி-3 என்ற வேலைவழிப் பிரிவுகளில் இது பல வருடக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால்தான் இந்திய வரிசை இவ்வளவு நீளம். அதில் கணக்கு பிறந்த நாட்டை வைத்து, பாஸ்போர்ட்டை வைத்து அல்ல. அதனால் துணைவர் இப்போது இந்தியக் குடிமகனாக இருந்தாலும் பரவாயில்லை. குடும்பம் பிரியக் கூடாது என்பதற்காகச் சட்டமே தந்திருக்கும் சலுகை இது. ஐ-485 (அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம்) போடும்போது துணைவரின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் இணைத்து, முகப்புக் கடிதத்திலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். குடியேற்ற அதிகாரிகளே கவனித்துச் செய்வார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

சரி, யாருக்குப் பயன்படாது? இருவரும் இந்தியாவில் பிறந்திருந்தால் வழியில்லை. பிள்ளை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பிறந்ததைக் காட்டிப் பெற்றோர் கேட்க முடியாது. துணைவரும் உங்களோடு சேர்ந்தே கிரீன் கார்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவரின் பிறந்த நாடு உதவாது. குடும்ப வழியில், அண்ணனோ அக்காவோ மனுச் செய்யும் எஃப்-4 பிரிவிலும் இதைக் கேட்கலாம், ஆனால் அங்கே எல்லா நாட்டு வரிசையுமே நீளம்தான்.