ரோஸ்மேரி எண்ணெயை அடுப்பில் ஏற்றாதீர்கள்

தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் காய்ச்சும்போது கறிவேப்பிலை, வெந்தயத்தோடு, ரோஸ்மேரி என்ற மூலிகைச் செடியிலிருந்து வடித்தெடுத்த வாசனை எண்ணெயையும் நாலு சொட்டு விட்டுவிடுகிறார்கள். வீடே கமகமவென்று மணக்கும். அப்படி மணப்பதெல்லாம் சட்டியிலிருந்து பறந்து போனதுதான்.

தேங்காய் எண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகாது. ரோஸ்மேரி எண்ணெயும் நீலகிரித் தைலமும் அப்படியில்லை. பல வேதிப்பொருள்கள் சேர்ந்த கலவை அவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொதிநிலை. ரோஸ்மேரியில் இருக்கும் பைனீனுக்கு 156 டிகிரி செல்சியஸ், சினியோலுக்கு 176. கிராம்பு எண்ணெயின் யூஜினாலுக்கு 254. கொதிக்கும்வரைகூடப் போக வேண்டாம். திறந்த சட்டியில் அதற்கு வெகு முன்பே லேசானவை கிளம்பிவிடும், கனமானவை தங்கும். மிஞ்சுவதற்கு மணமும் வேறு, குணமும் வேறு.

மூலிகைகளைக் காய்ச்சி, இறக்கி, வடிகட்டுங்கள். விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு ரோஸ்மேரியை விடுங்கள். 100 மில்லிக்கு 2 மில்லிக்கு மேல் வேண்டாம்.

‘ஆவியில் வடித்துத்தானே இதையே எடுக்கிறார்கள், அப்போது கெடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீரும் எண்ணெயும் சேர்ந்து கொதிக்கையில் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் ஆவியாகும். மூடிய கலத்தில் அந்த ஆவியைக் குளிர வைத்துப் பிடித்தும் விடுகிறார்கள். அப்படியும் மாற்றம் நடக்கத்தான் செய்கிறது. சீமைச்சாமந்தி எண்ணெயின் நீல நிறம் பூவில் கிடையாது. வடிக்கும் சூட்டில் பிறப்பது. மல்லிகையின் மென்மணம் இந்தச் சூட்டையே தாங்காது என்பதால்தான் அதைக் கரைப்பான் ஊற்றிப் பிரிக்கிறார்கள்.

மெழுகுவர்த்தி வைக்கும் வாசனை விளக்கில் தண்ணீர் ஊற்றாமல் வெறும் எண்ணெயை விடுவது அடுத்த தவறு. இது ஆபத்தும்கூட. சுமார் 50 டிகிரிக்குச் சூடானாலே நீலகிரித் தைலத்தின் ஆவி நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் விளக்கை அணைத்துவிடுங்கள். அப்புறம், கைக்குழந்தைகளுக்கு இந்தத் தைலத்தை விட்டு ஆவி பிடிக்க வைக்கவே கூடாது.

அடுப்பே வேண்டாம், வெயில்படும் ஜன்னலோரமும் நிறுத்திய காரும் போதும் எண்ணெய் கெட. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்களில் உள்ள லிமோனீன் சூட்டிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடையும். அதில் உண்டாகும் பொருள்கள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். அடர்நிறப் பாட்டிலில் இறுக மூடி, நிழலில் வையுங்கள். திறந்து வெகுநாளாகி, மணம் மாறிப் போயிருந்தால் உடம்பில் தடவாதீர்கள்.