ஹார்ன்பீம் காட்டுச் சரிவில் செடிக் கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடு ஐரோப்பாவில் ஓக் மரமும் ஹார்ன்பீம் என்ற இலையுதிர் மரமும் நிறைந்த காடுகளில் ஒரே சரிவில் நூறு மீட்டர் இறங்கினாலே காலடிச் செடிகள் மாறிவிடுகின்றன. மேலே, மண் மெலிந்து அமிலமான இடத்தில் லுசுலா என்ற புல்போன்ற செடியும் பில்பெரிப் புதரும் நிற்கும். கீழே, மழை அரித்து வந்த மண் தேங்கி ஈரம் காக்கும் இடத்தில் காட்டுப்பூண்டும் கோரிடாலிஸ் என்ற சிறு பூச்செடியும் தரையை மூடும். அதனால் சரிவின் கோணத்தை மட்டும் எழுதிக்கொண்டு வருவது பெரிய தவறு. முகட்டருகே ஒரு கட்டம் (செடிகளைக் கணக்கெடுக்க அளந்து குறித்த நிலத்துண்டு), அடிவாரத்தில் ஒரு கட்டம், இரண்டுக்கும் 25 பாகை என்றால் அந்த எண் எதையும் சொல்லாது. கட்டம் சரிவின் எந்தப் பகுதியில் இருக்கிறது, மண்ணின் ஆழம் அறிய இரும்புக் கம்பியைச் செருகினால் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கோணத்திலேயே குழப்பம் உண்டு: 45 பாகை என்பது 100 சதவீதச் சரிவு. இரண்டு அலகும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. நாடாவைத் தரையோடு பிடித்து 20 மீட்டர் அளந்தால், 30 பாகைச் சரிவில் கிடைமட்டமாகக் கிடைப்பது 17.3 மீட்டர்தான், கிடைமட்டமாக 20 வேண்டுமானால் சரிவோடு 23.1 மீட்டர் அளக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் செங்குத்தான இடங்களின் பரப்பு சுருங்கி, அங்கே இனங்கள் குறைவு என்று பொய்த்தோற்றம் வரும்.

சரிவு நோக்கும் திசையை வடக்கிலிருந்து பாகையில் குறித்து, அதைச் சராசரி எடுப்பது இன்னும் மோசம். 350 பாகையும் 10 பாகையும் வடக்கு நோக்கியவை. சராசரியோ 180, அதாவது தெற்கு! 1966இல் பீயர்ஸ் என்ற ஆய்வாளரும் உடனுழைத்தோரும் தந்த கணக்கு மாற்றம் இதற்குக் கைகொடுக்கும்: 45இலிருந்து திசையைக் கழித்து, அதன் கோசைனோடு 1 கூட்டுங்கள். குளிர்ந்த வடகிழக்குக்கு 2, பிற்பகல் வெயில் காயும் தென்மேற்குக்கு 0.

மண் எடுக்கும்போது சருகை ஒதுக்கி, மேல் 10 செ.மீ.யை ஐந்து இடங்களில் எடுத்துக் கலக்குங்கள். மரத்தண்டின் அடியில் வேண்டாம். தண்டில் வழியும் மழைநீர் அங்குள்ள மண்ணை மாற்றிவிடுகிறது. காயவைத்து 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் 10 கிராமுக்கு 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பாருங்கள். கால்சியம் குளோரைடு கரைசலில் பார்த்தால் அளவு பெரும்பாலும் அரை அலகோ அதற்கு மேலோ குறைந்து காட்டும். பாதிக் கட்டங்களை நீரிலும் மீதியை அந்தக் கரைசலிலும் பார்த்தால், இல்லாத அமில வேறுபாடு ஒன்று முளைத்துவிடும்.

ஜூலையில் ஒரே தடவை போய் வருவதை நாங்கள் ஏற்பதில்லை. அனிமோன், கோரிடாலிஸ் பூச்செடிகள் மரங்களில் இலை விரியுமுன் பூத்து, ஜூனுக்குள் மறையும். இவற்றில் கோரிடாலிஸ் வளமான, ஈரமான மண்ணின் நல்ல அடையாளம். அவற்றைத் தவறவிட்டால் அடிவாரக் கட்டம் வெறுமையாகத் தெரியும். ஏப்ரலில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை செல்ல வேண்டும்.

கடைசியாக, ஹார்ன்பீம் நிறைந்திருப்பதற்கு மண்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். விறகுக்காக 20, 30 ஆண்டுக்கொருமுறை வெட்டினாலும் இது அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். தழைக்காத இனங்கள் பின்தங்கும். ஒரே அடியிலிருந்து நான்கைந்து தண்டுகள் எழுந்திருந்தால் அது பழைய வெட்டின் தடம். அத்தகைய கட்டங்களுக்குத் தனிக் குறியிட்டு, அவற்றைச் சேர்த்து ஒருமுறையும் விலக்கி ஒருமுறையும் கணக்கிட்டுப் பாருங்கள்.