முதல் காரவான் வாங்கும் முன்: உங்கள் கார் எவ்வளவு தாங்கும்?

சிங்கப்பூரில் காரவானை, அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு போக நீண்ட சாலையும் இல்லை, வீவக கார் நிறுத்துமிடத்தில் அதை விட்டுவைக்க இடமும் இல்லை. ஆனால் ஐந்து மணி நேரம் பறந்தால் ஆஸ்திரேலியாவின் பெர்த். நம்மில் பலருக்கு அங்கே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், குடியேறிய அண்ணன் தங்கை குடும்பங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு வருடத்தில் சில மாதம் அங்கே தங்கத் திட்டமிடுகிறவர்களும் உண்டு. "எல்லாரும் சேர்ந்து ஒரு காரவான் வாங்கலாமே" என்ற பேச்சு வீட்டில் வந்துவிட்டால், இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

ஒரு வாரம் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பொதுவாக எதையும் கட்டி இழுக்க அனுமதி இருக்காது. வண்டியும் வீடும் ஒன்றாகவே இருக்கும் மோட்டார்ஹோம் எடுப்பதே அவர்களுக்குச் சுலபம்.

பெரும்பாலானவர்கள் நேராகக் காரவான் கடைக்குப் போகிறார்கள். கட்டிலும் அடுப்பும் குளியலறையும் பிடித்துப்போனால், அதை இழுக்குமா என்று காரைப் பிறகு பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்புங்கள். காரின் கணக்கு முடியும் வரை எந்தக் காரவானுக்குள்ளும் ஏறாதீர்கள்.

படி 1: காரின் நான்கு எண்கள்

காரின் கையேட்டில் இவற்றைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, பிரேக் உள்ள டிரெய்லருக்கான இழுவை வரம்பு. இரண்டாவது, டோ பால் (காரவானைக் கோக்கக் காரின் பின்னால் இருக்கும் உருண்டை) மீது அமரக்கூடிய எடையின் வரம்பு. மூன்றாவது ஜிவிஎம்: ஆட்கள், சாமான், எரிபொருள், டோ பாலில் இறங்கும் எடை எல்லாம் சேர்த்து கார் மட்டும் இருக்கக்கூடிய உச்ச எடை. நான்காவது ஜிசிஎம்: காரும் காரவானும் சேர்ந்த உச்ச எடை.

காரின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த டொயோட்டா ராவ்4 தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹைபிரிட் காரில் இரண்டு சக்கர இயக்கம் என்றால் 480 கிலோதான் இழுக்கலாம். நான்கு சக்கர இயக்கம் என்றால் 1,500 கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்.

படி 2: காரவானின் தகடு

ஒவ்வொரு காரவானிலும் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதில் டேர் என்பது காலி எடை. ஏடிஎம் என்பது சுமை ஏற்றியபின் இருக்கக்கூடிய உச்ச எடை. விற்பவர் ஆர்வமாகச் சொல்வது டேர் எடையைத்தான். நீங்கள் காரின் இழுவை வரம்போடு ஒப்பிட வேண்டியது ஏடிஎம்மை.

படி 3: எவ்வளவு ஏற்றலாம்?

பலர் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏடிஎம்மிலிருந்து டேரைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. ஒற்றை அச்சுக் காரவான்களில் இது பெரும்பாலும் 300 கிலோ அளவில் இருக்கும். கேட்க நிறைய என்று தோன்றும்.

சரி, ஏற்றிப் பார்ப்போம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டி இரண்டு நிரம்பினால் 160 கிலோ போய்விட்டது. 9 கிலோ எரிவாயு சிலிண்டர் இரண்டு, இரும்பு எடையோடு சேர்த்து 35 கிலோவுக்குக் குறையாது. டேர் எடையில் தண்ணீரும் எரிவாயுவும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மீதி சுமார் 100 கிலோ. அதற்குள் நான்கு பேரின் துணிமணி, போர்வை, மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி, பாத்திரம் எல்லாம் அடங்க வேண்டும். நம் வீட்டுப் பயணத்தில் பத்து கிலோ அரிசி, குக்கர், தேங்காய், மசாலா டப்பாக்கள் இல்லாமல் இருக்காது. கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மாவை அரைத்து எடுத்துப் போகலாம்.

வெயில் மறைப்பு, கூடுதல் பேட்டரி, சோலார் பலகை என்று வாங்கிய பிறகு பூட்டுவதெல்லாம் இந்த 300 கிலோவிலிருந்துதான் கழியும்.

படி 4: காரின் பக்கம் திரும்புங்கள்

சுமை ஏற்றிய காரவானின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோ பால் மீது இறங்க வேண்டும். குறைந்தால் காரவான் பின்னால் ஆட ஆரம்பிக்கும். கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிமானம் குறையும்.

இரண்டு டன் காரவான் என்றால் டோ பாலில் 200 கிலோ. அந்த 200 கிலோ காரின் சுமையாகவே எண்ணப்படும். உதாரணத்துக்கு, ஜிவிஎம்மில் காரின் சொந்த எடை போக இன்னும் 600 கிலோ தாங்கும் என்று வையுங்கள். நான்கு பேர் 280, டோபாரும் (டோ பாலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கூரைச் சட்டமும் 70, பின்னால் பெட்டிகள் 80, டோ பாலில் 200. மொத்தம் 630. இழுவைத் திறன் 3,500 கிலோ என்று விளம்பரத்தில் இருந்தாலும் இந்தக் கார் இரண்டு டன்னிலேயே வரம்பைத் தாண்டிவிட்டது.

அப்புறம் ஜிசிஎம். லேண்ட் குரூசர் 300-இல் ஜிவிஎம் 3,280 கிலோ, இழுவை 3,500 கிலோ. கூட்டினால் 6,780. ஆனால் அனுமதித்த ஜிசிஎம் 6,750. சில பிக்கப் வண்டிகளில் இந்த இடைவெளி நூற்றுக்கணக்கான கிலோ. காரையும் நிரப்பி, காரவானையும் உச்சத்துக்கு நிரப்ப முடியாது.

முதன்முறை வாங்குகிறவர் காரின் இழுவை வரம்பில் 80 சதவீதத்துக்குள் ஏடிஎம் உள்ள காரவானை எடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் 1,200 கிலோமீட்டருக்கு மேல். எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் போகும்போது அந்த மிச்சத்தின் அருமை தெரியும். வரம்பை மீறி விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் வாய்ப்புண்டு.

படி 5: வகை

கூரையை உயர்த்தி இறக்கும் பாப்-டாப் வகை நடுத்தரக் கார்களுக்கு ஏற்றது. ஓடும்போது உயரம் குறைவு, காற்றின் தடையும் குறைவு. கரடுமுரடான பாதைக்கான காரவான்கள் அடிச்சட்டம் கனமானவை. மார்கரெட் ரிவர், ஆல்பனி என்று தார்ச்சாலையிலேயே போகப்போகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் எடை தேவையில்லை.

படி 6: பிரேக்

ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கூடவே, காரவான் கழன்று பிரிந்தால் தானாக நிறுத்தும் கருவியும் வேண்டும். மின்பிரேக் உள்ள காரவானுக்கு, அந்தப் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் பிரேக் கண்ட்ரோலரைக் காரில் பொருத்த வேண்டும், அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். ஓட்டும்போது காரவான் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள். முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, கண்ட்ரோலரில் காரவான் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள்.

படி 7: பழையது வாங்கினால்

உள்ளே நுழைந்ததும் ஈர வாடை வருகிறதா பாருங்கள். மூலைகளையும் ஜன்னல் அடியையும் விரலால் அழுத்துங்கள். பொதபொதவென்று இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஏழு வருடம் தாண்டிய டயரை மாற்றுங்கள்.

பணம் முழுவதும் கொடுக்கும் முன், விற்பவரோடு பொது எடைமேடைக்குப் போய்க் காலி எடையை நிறுத்துப் பாருங்கள். தகட்டில் உள்ளதைவிட அது கூடுதலாக வந்தால், படி 3-இன் கணக்கைப் புது எண்ணில் திரும்பப் போட்ட பிறகே விலை பேசுங்கள்.