பில்லி ஜீன் கிங் கோப்பை பார்க்க ஒரு நோட்டும் பென்சிலும்

விம்பிள்டன் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெண்கள் டென்னிஸில் நாடுகள் அணி அணியாக மோதும் பில்லி ஜீன் கிங் கோப்பை முதல் நாள் பிடிபடாது. இப்போதுதான் தோற்றுப் போன பெண், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மட்டையோடு வந்து நிற்பார். அதனால் இதை நோட்டில் எழுதிக்கொண்டே பார்க்கும் வழக்கம் எனக்கு. என் பழைய நோட்டுகளில் 'ஃபெட் கோப்பை' என்றிருக்கும். 1963-இல் லண்டனில் 16 அணிகளோடு தொடங்கிய போட்டிக்கு, 2020-இல்தான் அமெரிக்க வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் பெயரை வைத்தார்கள். முதல் ஆண்டே கோப்பையை வென்ற அமெரிக்க அணியில் பில்லி ஜீன் கிங்கும் இருந்தார்.

முதலில், இரு அணிகளின் மோதலில் நீங்கள் பார்க்கப் போவது மூன்று ஆட்டமா ஐந்து ஆட்டமா என்று தெரிந்துகொள்ளுங்கள். தகுதிச் சுற்றின் முறையை அடிக்கடி மாற்றுகிறார்கள். இறுதிக் கட்டத்தில் இப்போது மூன்றுதான்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். பக்கத்தில் மூன்று வரி போடுங்கள். ஒற்றையருக்கு இருவரைத் தேர்ந்தெடுப்பது கேப்டன். யார் யாரோடு மோதுவது என்பதைத் தரவரிசை தீர்மானிக்கும். தரவரிசையில் பின்தங்கியவர்கள் முதலில் ஆடுவார்கள், முன்னணி வீராங்கனைகள் இரண்டாவதாக. எனவே பெயருக்குப் பக்கத்தில் தரவரிசை எண்ணையும் குறியுங்கள். பெரிய பெயருக்காகக் காத்திருந்து முதல் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

மூன்றாவது வரியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். ஒற்றையர் முடிந்த பிறகு கேப்டன் இரட்டையர் ஜோடியை மாற்றலாம். நான் பேனாவால் எழுதி அடித்துத் திருத்திய பக்கங்கள் நிறைய.

ஆட்டத்தின் நடுவே கேப்டன் உட்காரும் நாற்காலியைப் பாருங்கள். அது ஆடுகளத்தின் ஓரத்திலேயே இருக்கும். பக்கம் மாறும் இடைவேளையில் வீராங்கனை அங்கே வந்து உட்கார, கேப்டன் குனிந்து ஏதோ சொல்வார். அடுத்த கேமில் சர்வீஸ் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்தால், சொன்னது என்னவென்று பாதி ஊகித்துவிடலாம். எனக்கு இதுதான் இந்தப் போட்டியின் ருசியே.

2024 நவம்பரில் ஸ்பெயினின் மலாகாவில் இத்தாலியும் போலந்தும் மோதிய அரையிறுதிப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வரி: இத்தாலியின் பிரான்செட்டி போலந்தின் லினெட்டை வென்றார். இரண்டாவது: இத்தாலியின் பாவோலினி முதல் செட்டை எடுத்தும், போலந்தின் ஸ்வியாடெக் 3-6, 6-4, 6-4 என்று மீண்டார். 1-1. கொஞ்ச நேரத்தில் அதே இருவரும் இரட்டையருக்கு எதிரெதிரே இறங்கினார்கள். பாவோலினிக்குத் துணை சாரா எர்ரானி. அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்து தங்கம் வாங்கிய ஜோடி. ஸ்வியாடெக்குக்குத் துணை காவா. முதல் செட் இத்தாலிக்கு 7-5. இரண்டாவதில் போலந்து 5-1 என்று முன்னேறியதும் நான் 'மூன்றாவது செட்' என்று எழுதிவிட்டு, சாதத்தைச் சூடாக்கப் போனேன். திரும்பி வந்தபோது நிலவரம் வேறாக இருந்தது. அந்த செட்டும் 7-5, இத்தாலிக்கே. சாதம் மறுபடி ஆறியது. இரண்டு நாள் கழித்து ஸ்லோவாக்கியாவை 2-0 என வென்று இத்தாலி கோப்பையை எடுத்தது.

இந்தியா ஆடும் ஆசிய-ஓசியானியப் பிரிவைப் பார்ப்பதாக இருந்தால் நோட்டில் இன்னொரு பக்கம் வேண்டும். அங்கே எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதும். 2025 ஏப்ரலில் புனேயில் ஆறு அணிகள். இந்தியா ஐந்தில் நான்கை வென்று, நியூசிலாந்துக்கு அடுத்து இரண்டாமிடம். ஸ்ரீவள்ளி பமிடிபாட்டி தன் ஐந்து ஒற்றையரையும் வென்றார். இம்மாதிரிச் சுற்றில் வென்ற மோதல்களில் அணிகள் சமமாக வந்தால், தனித்தனியாக வென்ற ஆட்டங்களையும் எண்ணிப் பார்ப்பார்கள். ஆகவே 2-0 ஆனதும் டிவியை அணைக்காதீர்கள். அந்த மூன்றாவது வரியையும் நிரப்பிவிட்டு எழுந்திருங்கள்.