பழவேற்காடு ஏரியில் ஜோடியாகப் படகில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று தொடங்கினால் போதும், எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் யாராவது ஒருத்தர் பழவேற்காடு ஏரியில் மாட்டிக்கொண்ட செய்தி காதுக்கு வந்துவிடும். புதிதாக ஃபைபர் படகு வாங்கியிருப்பார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மனைவியின் ஊர் ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும். ரோட்டில் சுற்றிப் போவதைவிடப் படகில் போனால் நன்றாக இருக்குமே என்று இருவரும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் செட்டு அந்த வயதில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

லைஃப் ஜாக்கெட் போடுவது, குடித்துவிட்டு ஓட்டாமல் இருப்பது, போதுமான பெட்ரோல் எடுத்துக்கொள்வது இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் படகில் கால் வைக்கவே கூடாது.

கூண்டு நம்பரைப் பார்த்துத் துணிவது

துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டிவியில் சொல்வார்கள். "ஒண்ணுதானே அண்ணா, புயல் எங்கியோ கீது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பார்கள். 1, 2 ஆகிய கூண்டுகள் புயல் தூரத்தில் இருப்பதைச் சொல்பவை என்பது சரிதான். ஆனால் கூண்டு ஏற்றுவது துறைமுகத்துக் கப்பல்களுக்காக. ஏரியில் நம் படகைக் கவிழ்க்கப் புயல் தேவையில்லை.

பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழமோ ஒரு மீட்டர்தான். வாடை அடித்தால் அவ்வளவு நீளத்துக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தெற்குக் கோடிக்கு வரும். பழவேற்காடு ஊர் இருப்பது அந்தத் தெற்குக் கோடியில். ஆழமில்லாத தண்ணீரில் அலை பெரிதாக எழும்பாது, ஆனால் செங்குத்தாக, கிட்டக் கிட்ட வரும். கடலில் ஒரு அலை ஏறி இறங்கியதும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இங்கே முதல் அலையிலிருந்து அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்குவதற்குள் இரண்டாவது வந்து அடிக்கும். காசிமேட்டிலிருந்து ஆழ்கடல் போய்ப் பழகினவர்கள்கூட இந்த ஏரியில் ஏமாறுவது இதனால்தான்.

வானிலை மையம் மீனவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கையில் காற்றின் வேகமும் திசையும் இருக்கும். அதைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும் என்றிருந்தால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டாம். இது நான் வைத்திருக்கும் கணக்கு.

இன்ஜின் நின்றதும் இரண்டு பேரும் இன்ஜினிடம் ஓடுவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் மாற மாட்டேன் என்கிறது.

இன்ஜின் ஏன் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் டேங்கின் அடியில் கசடும் கொஞ்சம் தண்ணீரும் எப்போதும் தங்கியிருக்கும். அமைதியான நாளில் அது அசையாமல் அடியில் கிடக்கும். படகு குதிக்க ஆரம்பித்தால் கலங்கி மேலே வரும், குழாயில் இறங்கும், ஃபில்டரை அடைக்கும். அதாவது இன்ஜின் நிற்கும் என்றால் அலை உள்ள இடத்தில்தான் நிற்கும். திடீரென்று நின்றுவிட்டது, எதிர்பார்க்கவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

நின்றதும் என்ன நடக்கிறது? ஓட்டுகிறவர் இன்ஜின் கயிற்றை இழுக்கிறார். கிளம்பவில்லை. மறுபடி இழுக்கிறார். பயந்துபோன மனைவி, உதவலாம் என்று நினைத்து அவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். இதற்குள் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். இன்ஜினின் எடையோடு இரண்டு பேர் எடையும் சேர்ந்து பின்பக்கம் அமுங்கும். பின்பலகையோ இன்ஜின் மாட்டுவதற்காகத் தாழ்வாக வெட்டப்பட்டது. அங்கே ஒரு அலை உள்ளே வந்தால் பின்பக்கம் இன்னும் தாழும். அடுத்த அலை இன்னும் சுலபமாக வரும். மூன்று நான்கு அலையில் முடிந்துவிடும்.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். எண்ணூர்ப் பையன், பெரிய போட்டில் வேலை பார்க்கிறவன், கெட்டிக்காரன். மனைவியைக் கூட்டிக்கொண்டு காலையில் ஏரியைக் கடந்து மாமியார் வீட்டுக்குப் போனவன், மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பினான். மாமியார் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை, கருவாட்டுப் பை, புதுப் பாத்திரம் எல்லாவற்றையும் அணியத்தில் அடுக்கியிருந்தான். நங்கூரம் அத்தனைக்கும் அடியில். நான் கொஞ்சம் தள்ளி வலைக்கம்பு பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் நின்றது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் பின்பக்கம் நிற்கிறார்கள், அவன் இழுத்துக்கொண்டே இருக்கிறான். "நங்கூரம் போடுடா, நங்கூரம்!" என்று கத்தினேன். காற்றில் என் குரல் போகவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் படகில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அந்த இடத்தில் மார்பளவு ஆழம்தான், சேற்றில் காலூன்றிப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உயிர் தப்பியது ஏரியின் தயவு.

அந்தப் பெண்ணை என் படகில் ஏற்றிப் போர்வை கொடுத்தபோது அது சொன்ன வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை. "படகுல நங்கூரம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுண்ணா. மாமா சொல்லவே இல்ல."

கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. இரண்டு பேர் போகிற படகில் ஒருத்தருக்கு மட்டும் எல்லாம் தெரிந்து, இன்னொருத்தர் சாமான் மாதிரி உட்கார்ந்து வருவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தவர் அப்படிக் கூட்டிப்போக மாட்டார்.

முறை இதுதான். இன்ஜின் நின்றால் முதலில் நங்கூரம், அப்புறம்தான் இன்ஜின். நங்கூரம் அணியத்திலிருந்து இறங்க வேண்டும், பின்பக்கத்திலிருந்து ஒருபோதும் இறக்கக் கூடாது. அது மண்ணைப் பிடித்தால் படகின் முகம் தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பும், அலை அணியத்தில் பட்டுப் பிரிந்து போகும். பின்பக்கம் ஒருத்தர் மட்டும் குனிந்து நிதானமாக ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம். ஆழ்கடலில் நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது, கயிறு எட்டாது. ஏரியில் அந்தக் கஷ்டமே இல்லை. ஒன்றரை மீட்டர் ஆழம், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் ஒரு மீட்டர், ஆக இரண்டரை. அதைப் போல ஏழு மடங்கு கயிறு விட்டால் மோசமான காற்றிலும் பிடிக்கும். 20 மீட்டர் கயிறு வாங்கினால் தாராளம். கயிற்றைக் குட்டையாக விட்டால் நங்கூரம் மண்ணைக் கிளறிக்கொண்டு பின்னாலேயே வரும்.

கயிற்றின் மறுமுனையைக் கரையிலேயே அணிய வளையத்தில் கட்டிவிடுங்கள். கட்டாமல் வீசிவிட்டு, கயிறு முழுசும் தண்ணீரில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இருக்கிறார்கள். கயிறு ஒரு மீன் கூடைக்குள் சுருட்டி இருக்கட்டும், அதன்மேல் ஒரு பையும் வைக்காதீர்கள். நங்கூரத்தை வீசாமல் கையால் இறக்க வேண்டும். கயிறு ஓடும்போது கால் அதன் நடுவில் இருக்கக் கூடாது.

காற்றில்லாத ஒரு காலையில் இதை மனைவியைச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காமல். இறக்கி, கயிறு விட்டு, பிடித்துவிட்டதா என்று பார்ப்பது வரை. பார்ப்பதற்குக் கலங்கரை விளக்கமும் கரையில் ஒரு தென்னையும் போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் இருந்தால் நங்கூரம் நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் அவர் ஓட்டட்டும், நீங்கள் நங்கூரம் போடுங்கள்.

அந்தப் பையனின் இன்ஜின் உப்புத் தண்ணீரில் மூழ்கியது. லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கியது. கரைக்கு வந்ததும் மறுபடி கயிற்றை இழுக்கப் போனான், தடுத்தேன். மூழ்கிய இன்ஜினை அப்படியே ஓட்டிப் பார்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் இரவிலேயே துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். அவன் காலையில்தான் கொண்டுபோனான்.

முகத்துவாரத்தைக் காட்டக் கூட்டிப்போவது

வேண்டவே வேண்டாம். மழைக்குப் பிறகு ஆரணியாற்று வெள்ளம் வெளியே பாய, கடலலை எதிரே ஏறி வரும். இரண்டும் மோதும் இடத்தில் சின்னப் படகுக்கு வேலை இல்லை.

வெளியாட்களை ஏற்றுவது

2011 டிசம்பர் 25, இதே ஏரி, படகு கவிழ்ந்து 22 உயிர் போனது. சவாரிக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான். "தெரிஞ்சவங்கதான், சும்மா ஒரு ரவுண்டு" என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

வலைக்கம்புகளுக்கு நடுவே குறுக்கு வழி

ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்குப் பாடு முறை இருக்கிறது. காலியாகத் தெரியும் தண்ணீரில்கூட யாரோ ஒருவரின் அன்றைய பிழைப்பு நட்டு வைத்திருக்கும். காற்று நாளில் கம்பு பாதி மூழ்கிக் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் விசிறியில் வலை சுற்றினால் அவர்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் ஆபத்து. சுற்றிப் போங்கள்.

போன்

இறுக்கி மூடும் டப்பாவில். பாக்கெட்டில் வேண்டாம்.

திரும்பலாமா வேண்டாமா என்று நடு ஏரியில் வாதாடுவது

கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு பேரில் யார் "திரும்பலாம்" என்று சொன்னாலும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. வீம்புக்கு ஓட்டுகிற ஆண்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் பயந்து படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதுவே படகைக் கெடுக்கும். அவர் தைரியமாக உட்கார்ந்திருப்பதும் உங்கள் பொறுப்புதான்.

எப்படியும் இன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்று நினைப்பது

விருந்து வீட்டில் சாப்பாடு தாமதமாகும், காபி குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள், மூன்று மணி ஆகிவிடும். ஏரியில் வெள்ளை நுரை தெரிந்தால் அங்கேயே தங்குங்கள், மாமியார் வீட்டில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மறுநாள் டியூட்டி என்றால் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டு ரோட்டு வழியாக வாருங்கள். ஆந்திரப் பக்கம் மாட்டினால் சூலூர்பேட்டையில் சென்னைக்கு ரயில் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கமே நின்றுவிட்டால் பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து எண்ணூருக்கு லோக்கல் ரயில். படகைக் காற்று அடங்கிய பிறகு ஒரு காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம். வரும்போது இன்ஜினை மட்டும் கழற்றி உறவுக்காரர் வீட்டுக்குள் வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.