மாப்பசானைப் படிக்கும்போது பொருளைப் பின்தொடருங்கள்

காதலும் திருமணமும் பற்றிய பழைய பிரெஞ்சுச் சிறுகதைகளில் குறியீட்டைத் தேடிக் களைத்துப்போகிறவர்களுக்கு ஒரு வழி: கதையில் கைமாறும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் விலை வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள்.

மாப்பசானின் 'நெக்லஸ்' (1884) நல்ல தொடக்கம். ஒரு விருந்துக்காக எளிய குமாஸ்தாவின் மனைவி தோழியிடம் வைர நெக்லஸை இரவல் வாங்கும் கதை இது. நாம் எல்லோரும் அந்த வைரத்தையே பார்க்கிறோம். அதற்கு முன்பே, துப்பாக்கி வாங்கச் சேர்த்துவைத்த 400 பிராங்கைக் கணவன் மனைவியின் உடைக்குக் கொடுத்துவிடுகிறான். விருந்து முடிந்ததும் அன்றாடம் அணியும் எளிய மேலாடையை அவள் தோளில் போர்த்துகிறான். விலையுயர்ந்த உரோம ஆடைகளில் இருக்கும் பெண்கள் பார்த்துவிடக் கூடாதே என்று, வண்டி வரும்வரைகூட நிற்காமல் அவள் படியிறங்கி ஓடுகிறாள். அந்தத் தாம்பத்தியத்தைப் பற்றி வைரத்தைவிட அந்த மேலாடையே அதிகம் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கையோடு, அவருடைய 'நகைகள்' (1883) கதையையும் படித்துவிடுங்கள். முடிவு முன்பே தெரிய வேண்டாம் என்பவர்கள் படித்துவிட்டு இங்கே திரும்பலாம். போலி என்று கணவன் நம்பிய நகைகள், மனைவி இறந்தபின் விற்கப் போகும்போது அசல் என்று தெரிகிறது. யார் கொடுத்தார்கள் என்று கதை பெயர் சொல்வதில்லை. விலையை மட்டும் அடுக்குகிறது. மொத்தம் 1,96,000 பிராங்க். முதலில் அவமானத்தில் மயங்கி விழுந்தவன், பிறகு வாரிசுச் சொத்து வந்ததாக அலுவலகத்தில் 3 லட்சம் என்கிறான், உணவகத்தில் 4 லட்சம் என்கிறான். அந்த இரண்டு எண்களுக்கும் அடியில் தவறாமல் கோடு போடுங்கள்.