மூன்று எண்ணுக்குப் பதில் ஒன்பது: நம்பை அரேயும் உங்கள் கிளாஸும்

நீளத்தை மீட்டர் என்ற அலகோடு சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். பெயர் நீளம் (பைத்தான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்). உள்ளே 10, 20, 30 என்று ஒரு நம்பை அரே (நம்பை பைத்தானின் எண்கணக்கு நூலகம், அரே அதன் எண் வரிசை). பெருக்கலுக்கான மல் (நீளம் இடப்பக்கம் இருந்தால் ஓடுவது), ஆர்மல் (வலப்பக்கம் இருந்தால் ஓடுவது) இரண்டும் எழுதியாயிற்று. நீளம் இடப்பக்கம், 1, 2, 3 என்ற அரே வலப்பக்கம் வைத்துப் பெருக்கினால் 10, 40, 90 மீட்டர் வருகிறது. சரி. இப்போது இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மூன்று நீளங்கள் அடங்கிய ஆப்ஜெக்ட் அரே ஒன்று வரும், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று எண்கள். எரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை. எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மதியம் போனது.

பைத்தான் முதலில் கேட்பது இடப்பக்கம் இருப்பவரைத்தான். நம்பை அரேக்கு உங்கள் கிளாஸ் யாரென்று தெரியாது, ஆனால் தெரியாது என்று ஒதுங்கும் பழக்கமும் கிடையாது. உங்கள் ஆப்ஜெக்ட்டை ஒற்றை மதிப்பாக எடுத்துக்கொண்டு 1, 2, 3 ஒவ்வொன்றோடும் தனித்தனியாகப் பெருக்கிவிடும். ஆர்மலுக்குள் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள், மூன்று தடவை அச்சாகும்.

பழைய வைத்தியம், அரே பிரையாரிட்டி என்று ஒரு எண்ணைக் கிளாஸில் வைப்பது. சாதா அரேக்கு 0, நம்பையின் மேட்ரிக்ஸுக்கு 10.0, சைபை என்ற அறிவியல் கணக்கு நூலகத்தின் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸுக்கு 10.1, ஏலம் கேட்பது மாதிரி. பெரிய எண் வைத்திருப்பவருக்கு அரே வழிவிடும். ஆபரேட்டருக்கு மட்டும் இது போதும். ஆனால் யாராவது நம்பையின் பெருக்கல் ஃபங்ஷனான மல்டிப்ளையை நேரடியாகக் கூப்பிட்டால் பழைய கதைதான்.

2017-ல் நம்பை 1.13 கொண்டுவந்த அரே யூஃபங்க் என்ற மெத்தட்தான் சரியான வழி (பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு, நடுவில் ஒன்று). யூஃபங்க் என்பது மல்டிப்ளை, ஆட் மாதிரி உறுப்புக்கு உறுப்பு கணக்குப் போடும் நம்பை ஃபங்ஷன். உங்கள் ஆப்ஜெக்ட் எந்த யூஃபங்க்கில் நுழைந்தாலும் நம்பை தானாக எதுவும் செய்யாமல் இதைக் கூப்பிடும். எந்த யூஃபங்க், அதை எந்த விதமாகக் கூப்பிட்டார்கள், என்னென்ன உள்ளீடு எல்லாம் கைக்கு வரும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உள்ளீடுகளில் நீளமாக இருப்பவற்றைப் பிரித்து உள்ளிருக்கும் அரேயை எடுங்கள், அந்த வெறும் அரேக்களை யூஃபங்க்கிடம் கொடுங்கள், வந்த விடையை மறுபடி நீளத்துக்குள் போடுங்கள். அலகு விதியும் இங்கேதான்: கூட்டலென்றால் இரண்டு பக்கமும் மீட்டர் வேண்டும், நீளமும் நீளமும் பெருகினால் சதுர மீட்டர். உங்களுக்குத் தெரியாத வகை வந்தால் நாட்இம்ப்ளிமென்டட் (எனக்குத் தெரியாது என்று சொல்லும் மதிப்பு) திருப்பிக் கொடுங்கள், வேறு யாரும் பொறுப்பேற்காவிட்டால் நம்பையே டைப்எரர் போட்டுவிடும். மல், ஆர்மல், ஆட் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டிருக்காமல் என்டிஅரே ஆபரேட்டர்ஸ் மிக்ஸின் என்ற நம்பையின் தயார் கிளாஸிலிருந்து உங்கள் கிளாஸை எடுத்தால் ஆபரேட்டர் எல்லாம் இந்த ஒரே மெத்தடுக்கு வந்து சேரும்.

பிரிக்காமல் அப்படியே யூஃபங்க்கிடம் கொடுத்தால் அது திரும்ப உங்களையே கூப்பிடும், ரிகர்ஷன் எரரில் போய் முடியும். உள்ளீடுகளைப் பிரித்துவிட்டு, விடையை எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் அவுட்டை மறந்தாலும் இதே கதிதான். மிக்ஸின் வைத்திருக்கும்போது நீளத்தை அதே இடத்தில் இரட்டிப்பாக்கினால் அவுட் என்பது நீளம் ஒன்று உள்ளே இருக்கும் டியூப்பிளாக வரும், அதையும் பிரித்தாக வேண்டும். அப்புறம் நம்பையிடம் சம் (மொத்தம்) கேட்டால், கிளாஸில் சம் மெத்தட் இல்லாதபோது, ஆட் யூஃபங்க் ரெட்யூஸ் (எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்குவது) என்ற விதத்தில் வரும். கால் என்ற வழக்கமான விதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டைப்எரர்தான்.

உங்கள் கிளாஸ் உறுப்புக்கு உறுப்பு கணக்குப் போடுகிற வகையே இல்லையென்றால் இத்தனையும் வேண்டாம். அரே யூஃபங்க்கை நன் (பைத்தானில் ஒன்றுமில்லை என்பதற்கான மதிப்பு) என்று வைத்துவிட்டு மல், ஆர்மலைக் கையால் எழுதுங்கள். இடப்பக்க அரே உடனே ஒதுங்கிக்கொள்ளும், உங்கள் ஆர்மல் ஒரே தடவை ஓடும். சைன் மாதிரி எதையாவது அதன்மேல் கூப்பிட்டால் நேராக டைப்எரர். அரேக்களை ஒட்டிச் சேர்க்கும் கான்கேட்டினேட் யூஃபங்க் கிடையாது, அதற்கு அரே ஃபங்ஷன் என்று தனி மெத்தட் இருக்கிறது, நம்பை 1.17 முதல் இயல்பாகவே ஓடும்.